ஓட்டல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு, நடுத்தர நிறுவனங்களின் டீலர் மீட், விற்பனைக் குழுக் கூட்டம், தொழில் சங்கங்களின் பொதுக்குழு, மாநில மாநாடு என்று எல்லாமே இப்போது ஓட்டல்களில் நடக்கின்றன. 60 அறை, 150 பேருக்குச் சாப்பாடு, இரண்டு நாளைக்கு ஹால் என்றால் செலவு பத்து லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பவர், நூறு வேலைக்கு நடுவே இதையும் பார்க்கும் நிர்வாக அலுவலராகவோ சங்கச் செயலாளராகவோ இருக்கிறார். எதிரே உட்காரும் ஓட்டல் விற்பனை மேலாளருக்குத் தினமும் இதுதான் வேலை. செயலாளர் அறை வாடகையில் 500 ரூபாய் குறைத்துவிட்டுத் திருப்தியோடு மற்றப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். நிறுவனத்தின் பணம் போவது அந்த மற்றப் பக்கங்கள் வழியாகத்தான். கூட்ட ஏற்பாட்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது, எதை எப்படி மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

பேரத்தின் பாதி, தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. நகரத்து பிசினஸ் ஓட்டல்களில் திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம். வெள்ளி மாலையிலிருந்து அறைகள் காலி. மாமல்லபுரம், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் இது அப்படியே தலைகீழ். ஹாலைப் பொறுத்தவரை முகூர்த்த நாள்தான் எஜமான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை வரவேற்புக்கு ஹால் போய்விடும், அதனால் அந்த நாளும் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் பேங்க்வெட் (விருந்து) ஹால்கள் சும்மா கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கூட்டம் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் ஹால் வாடகையே இல்லாமல் பேசி முடிக்கலாம். மார்கழியில் ஹால் மலிவுதான் என்றாலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை மலிவாகக் கிடைக்காது. புரட்டாசியில் கூட்டம் வைத்தால் அசைவம் சாப்பிடுபவர் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறையலாம். அசைவ பஃபே விலையில் எல்லாத் தட்டுக்கும் பேசியவர்கள் வீணாகக் கொடுக்கிறார்கள். ஆகவே ஒரே தேதியைச் சொல்லி விலை கேட்காமல் இரண்டு மூன்று தேதிகளைக் கொடுத்து, மூன்று ஓட்டல்களுக்கு ஒரே நாளில், ஒரே விவரத்தாளை அனுப்ப வேண்டும். எந்த இரவுக்கு எத்தனை அறை, எந்த வேளைக்கு எத்தனை தட்டு, ஹால் எந்த அமைப்பில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விவரம் இல்லாமல் கேட்டால் வரும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

விலை வந்ததும் தேதியை எந்த நாள் வரை தங்களுக்காக வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்தால் 48 மணி நேரம் அவகாசம் கொடுத்துக் கேட்ட பிறகே விட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான ஓட்டல்கள் இதற்குச் சம்மதிக்கும்.

இனி அறைக் கணக்கு. 60 அறை, இரண்டு இரவு, ஓர் அறைக்கு 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 அறை-இரவு. கடைசியில் எடுத்தது 84 என்றால், ஒப்பந்தத்தில் எதுவும் எழுதியிராவிட்டால் மீதி 36-க்கும் ஓட்டல் பணம் கேட்கும்: 2,34,000 ரூபாய். எடுக்காமல் விட அனுமதிக்கும் அளவை ஓட்டல்காரர்கள் அட்ரிஷன் என்பார்கள். அது 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் 96 வரை குறையலாம். 12 அறை-இரவுக்கு மட்டும் 78,000 ரூபாய் கொடுத்தால் போதும். அதே 20 சதவீதத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாகவா, மொத்தத்துக்கா? முதல் இரவு 42 அறை, இரண்டாம் இரவு 58 அறை போனால் மொத்தம் 100. மொத்தக் கணக்கில் அபராதமே கிடையாது. இரவுக்கு இரவு கணக்கு என்றால் குறைந்தபட்சம் 48. முதல் இரவில் 6 குறைந்ததற்கு 39,000 ரூபாய் கட்ட வேண்டும். ஓட்டல் கொடுக்கும் அச்சடித்த படிவத்தில் பெரும்பாலும் இரவுக் கணக்குதான் இருக்கும். 'மொத்த அறை-இரவின் அடிப்படையில்' என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு வரிகள் அங்கே வேண்டும். நாம் விட்ட அறையை ஓட்டல் வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்தத் தொகையை நம் பாக்கியில் கழிக்க வேண்டும் என்பது ஒன்று. நம் கூட்டத்துக்கு வந்தவரே செயலியில் மலிவாகப் பார்த்துத் தனியாகப் பதிவு செய்திருந்தால் அந்த அறையும் நம் கணக்கில் சேர வேண்டும் என்பது மற்றது. குழுவுக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாக அதே தேதிக்கு ஓட்டல் பொதுவில் விற்றால் நமக்கும் அந்த விலை கிடைக்க வேண்டும் என்பதையும் கேட்கலாம். இவற்றை எழுதாத இடங்களில் ஒரே அறைக்கு இரண்டு முறை பணம் போகிறது.

பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டிய கடைசி நாளும், அறைகளை அபராதம் இல்லாமல் குறைக்கும் கடைசி நாளும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு பட்டியல் நாள் வரை காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது; அதற்குள் குறைக்கும் உரிமை காலாவதியாகியிருக்கும். 60 நாளுக்கு முன் ஒரு முறை, 30 நாளுக்கு முன் ஒரு முறை, 15 நாளுக்கு முன் ஒரு முறை என்று மூன்று கட்டமாகக் குறைத்துக்கொள்ள வழி கேளுங்கள். வெளிநாட்டவர் யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களைப் பற்றிய விவரத்தை ஓட்டல் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை முன்பே அனுப்பிவிட்டால் வரவேற்பு மேசையில் கூட்டம் தேங்காது.

டீலர் கூட்டம் என்றால் இருவருக்கு ஓர் அறை என்பதே வழக்கம். முன்பின் தெரியாத இருவரை ஒரே பெரிய கட்டிலில் படுக்கச் சொல்ல முடியாது. ஆனால் தனித்தனிக் கட்டில் போட்ட ட்வின் அறைகள் எந்த ஓட்டலிலும் குறைவுதான். 'ரன் ஆஃப் ஹவுஸ்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எந்த அறையை வேண்டுமானாலும் ஓட்டல் கொடுக்கலாம். 40 ட்வின் வேண்டும் என்றால் 40 என்று எண்ணிக்கையாகவே எழுத வேண்டும்.

வருகை நேரத்தில் நடக்கும் குளறுபடி பெரியது. மதுரை, திருநெல்வேலியிலிருந்து இரவு ரயிலில் வருபவர்கள் விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கே எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கிவிடுவார்கள். ஓட்டலின் செக்-இன் நேரம் மதியம் 2 மணி. குளிக்க இடமில்லாமல் லாபியில் பெட்டியோடு 40 பேர் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பல கூட்டங்களில் பார்க்கலாம். முதல் நாள் இரவே ஐந்தாறு அறைகளை எடுத்து வைத்துக்கொள்வது, அல்லது 20 அறைகளைக் காலை 7 மணிக்குத் தருவதாக எழுதி வாங்குவது என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. இதில் யாரும் கவனிக்காத இன்னொன்று: அறை வாடகையோடு வரும் காலை உணவு, தங்கிய இரவுக்கு அடுத்த நாள் காலைக்கானது. வந்து இறங்கிய காலையில் சாப்பிட்டால் அது தனி பில். 60 பேருக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஓட்டலுக்கு அதிகம் செலவு வைக்காத சலுகைகளைக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். சீக்கிர செக்-இன், முதல் நாள் இரவு 9 மணிக்கே ஹாலைத் திறந்துவிடுவது, 20 அறைக்கு ஓர் அறை இலவசம், மேடைக்கு வருபவர்களுக்கு உயர் வகை அறை, ஹாலில் தண்ணீர், வைஃபை ஆகியவை அப்படிப்பட்டவை. அறை விலையை மேலும் 200 குறைக்கச் சொல்வதைவிட இவற்றால் ஆகும் லாபம் அதிகம்.

ஜிஎஸ்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓட்டலையே மாற்றிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம். ஆனால் ஓட்டல் உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கும் பொருள், சேவைக்குக் கட்டிய வரியை, கழித்துக்கொள்ள முடியாது. 7,500-க்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகிறது. 7,600 ரூபாய் அறை 8,968 ஆகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சங்கத்துக்கு முதல் அறைதான் மலிவு, சந்தேகமில்லை. தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நிறுவனம், தமிழ்நாட்டு ஓட்டலில், தொழில் தேவைக்காக எடுக்கும் அறை என்றால் இரண்டாவதில் கட்டிய 1,368 ரூபாயைக் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம். ஆக கிரெடிட்டைக் கழித்த பிறகு ஆகும் நிகரச் செலவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

அதே நிறுவனம் புதுச்சேரியிலோ மூணாறிலோ பெங்களூரிலோ கூட்டம் வைத்தால் கதை மாறுகிறது. ஓட்டல் அறைக்கும், அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்காகக் கொடுக்கும் இடத்துக்கும் வரி செலுத்தப்படும் இடம், கட்டடம் இருக்கும் மாநிலம். அந்த மாநிலத்து வரியை இங்கே பதிவு பெற்றவர் கிரெடிட் எடுக்க முடியாது. 8,968 முழுவதும் கைச்செலவு. வெளிமாநில ஓட்டலின் விலைப்புள்ளி கொஞ்சம் குறைவாக இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கும் முன் இந்த 18 சதவீதத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்திலும் பதிவு வைத்திருக்கும் நிறுவனங்கள் அந்தப் பதிவு எண்ணிலேயே பில் போடச் சொல்லலாம்.

சாப்பாட்டுக்கான வரி, நம் அறை என்ன விலை என்பதைப் பொறுத்ததல்ல. முந்தைய நிதியாண்டில் அந்த ஓட்டல் ஏதாவது ஓர் அறையை 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால், அல்லது தானாகவே அந்த வகையில் சேர்வதாக அறிவித்திருந்தால், 2025 ஏப்ரல் முதல் அங்கே சாப்பாட்டுக்கு 18 சதவீதம். நம் அறை 5,000 ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான். மற்ற ஓட்டல்களில் 5 சதவீதம். 1,200 ரூபாய் தட்டு ஓரிடத்தில் 1,416, இன்னோரிடத்தில் 1,260. 150 தட்டுக்கு வித்தியாசம் 23,400 ரூபாய். நான்கு வேளைக்கு 93,600. சாப்பாட்டு வரிக்குப் பொதுவாகக் கிரெடிட்டும் கிடையாது. ஆகவே 'ஒருவருக்கு இவ்வளவு, வரி தனி' என்று மொத்தப் பேக்கேஜாக வரும் விலையை வாங்கிக்கொள்ளாமல் அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஹாலுக்கு எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் என்ன வரி என்று பிரித்து வாங்கி ஆடிட்டரிடம் காட்ட வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் காட்ட வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் என்று தனியே ஒரு சதவீதம் சிலர் போடுவார்கள். பில்லில் அதைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஆனால் அது நுகர்வோருக்கான பாதுகாப்பு. வணிகத்துக்காக எடுக்கும் நிறுவனம் அதை நம்பிக்கொண்டிராமல் 'சர்வீஸ் சார்ஜ் கிடையாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டில் சிக்கல் தொடங்குவது கியாரண்டி எண்ணிக்கையில். 150 என்று கொடுத்துவிட்டு 128 பேர் சாப்பிட்டாலும் 150-க்குப் பணம். 171 பேர் வந்தால் 171-க்குப் பணம். அதாவது இந்த எண் மேலே மட்டும்தான் நகரும். கூடுதலாக வருபவர்களுக்குச் சாப்பாடு பற்றாமல் போகவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் சமையலறை 150-க்கு மேல் ஐந்து முதல் பத்து சதவீதம் வரைதான் கூடச் சமைக்கும். எனவே கியாரண்டியை உறுதியாக வருபவர்களின் எண்ணிக்கையில் நிறுத்தி, அதற்கு மேல் 10 சதவீதம் வரை தயாராக வைத்திருக்க வேண்டும் என்று தனியாக எழுத வேண்டும்.

எல்லா வேளைக்கும் ஒரே கியாரண்டி கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளூர்க்காரர்கள் மதியச் சாப்பாடு வரை இருப்பார்கள். மாலை தேநீர் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். இரவு உணவுக்கும் 150 என்று சொல்லிவிட்டு 95 பேர் சாப்பிட்டால் 55 தட்டு, வரியோடு 77,880 ரூபாய் வீண். காலை, மதியம், தேநீர், இரவு என்று வேளைக்கு ஓர் எண். அதுவும் 72 மணி நேரத்துக்கு முன் கொடுத்தால் போதும் என்று கேளுங்கள். சைவம், அசைவம், ஜெயின் உணவு என்று பிரித்துக் கொடுங்கள். கார் ஓட்டுநர்களுக்கும், ஒலி, ஒளி ஆட்களுக்கும் பணியாளர் உணவு விலையில் தனித் தட்டு பேசி வைக்காவிட்டால் அவர்கள் சாப்பிடுவதும் பஃபே விலையில் பில்லில் ஏறும்.

சாப்பிட்டவர்களை எப்படி எண்ணுவது என்பதில்தான் மேலாளர்களோடு சண்டை வருகிறது. பல ஓட்டல்கள் தட்டை எண்ணுகின்றன. பஃபே தொடங்கும்போது அடுக்கிய தட்டு எத்தனை, முடிந்ததும் மீதி எத்தனை என்று கழித்துப் பார்ப்பார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு தயிர் சாதத்துக்குப் புதுத் தட்டு எடுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். 128 பேர் சாப்பிட்ட இடத்தில் 160 தட்டு என்று கணக்கு வருவது இப்படித்தான். வாசலில் கூப்பன் வாங்கி எண்ண வேண்டும். தட்டுக் கணக்குதான் என்று ஓட்டல் பிடிவாதமாக இருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் நம் ஆள் ஒருவரும் பேங்க்வெட் கேப்டனும் சேர்ந்து எண்ணி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் பேசினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

'100 தட்டுக்கு மேல் என்றால் ஹால் இலவசம்' என்று சொல்வதும் வழக்கம். 97 தட்டு ஆனால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டால் ஹாலுக்கு முழு வாடகையும் பில்லில் ஏறிவிடும். குறைந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் மட்டும் வாடகை என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

ஹாலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. 2,000 சதுர அடி ஹாலை 200 பேருக்கானது என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பார்கள். நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால்தான் அந்தக் கணக்கு. எழுத மேசை போட்டால் 100 பேர் உட்காரலாம். 24-க்கு 12 அடி மேடை, பின்னால் திரை, கேமரா, ஒலிக் கருவி மேசை எல்லாம் வைத்தால் 80 பேருக்குத்தான் இடம். நடுவில் தூண் இருக்கிறதா, பஃபேயை ஹாலுக்குள்ளேயே வைக்கிறார்களா, பக்கத்து ஹாலுக்கும் நமக்கும் நடுவே இருப்பது மடக்குத் தடுப்பா சுவரா என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மடக்குத் தடுப்பு என்றால் அந்தப் பக்கம் அன்று என்ன நிகழ்ச்சி என்று கேட்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு நடுவே விற்பனை இலக்கைப் பற்றிப் பேச முடியாது.

ஹாலின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுவது கட்டாயம். 'தேவைப்பட்டால் ஹாலை மாற்றும் உரிமை ஓட்டலுக்கு உண்டு' என்ற வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். பெரிய கல்யாணம் ஒன்று வந்தால் கூட்டத்தைக் கீழ்த்தளத்துச் சின்ன ஹாலுக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று அந்த வரியைத் திருத்த வேண்டும். முந்தைய இரவு அந்த ஹாலில் வரவேற்பு நடக்கிறதா என்பதையும் கேளுங்கள். அது முடிந்து, சுத்தம் செய்து, நம் மேடை ஆட்கள் உள்ளே போக நள்ளிரவு தாண்டிவிடும். காலை 9 மணிக்கு மேடை தயாராக இருக்காது.

எல்இடி சுவர், ஒலி, ஒளிக்கு ஓட்டலின் ஆட்களைத்தான் வைக்க வேண்டுமா, வெளியாட்களை வைத்தால் கட்டணமா, எல்இடிக்குத் தனி ஜெனரேட்டர் கேட்பார்களா, டீசல் யார் கணக்கு, பாட்டுப் போட்டால் இசை உரிமை அமைப்புகளான பிபிஎல், ஐபிஆர்எஸ் கேட்கும் உரிமக் கட்டணம் யார் கட்டுவது, மது உண்டு என்றால் அனுமதி யார் எடுப்பது என்பதையெல்லாம் ஒரே தாளில் கேள்வியாக எழுதிப் பதில் வாங்கிவிடலாம்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்தான் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. 40 காரில் தனித்தனியாக வரச் சொல்வதைவிட மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு மூன்று பேருந்துகளில் அழைத்துப் போவது பாதுகாப்பானது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் தடை இருப்பதால் ஹாலில் தண்ணீர் எப்படிக் கொடுப்பார்கள் என்பதையும் பேசிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை மாட்டிக்கொள்வது ரத்து விதியில். 60 நாளுக்கு முன் ரத்து செய்தால் 25 சதவீதம், 30 நாளில் 50, 15 நாளில் 75, 7 நாளில் 100 என்பது போன்ற படிக்கட்டு வழக்கமாக இருக்கும். அந்தச் சதவீதம் எதன் மீது என்பதே கேள்வி. 'மொத்த மதிப்பின் மீது' என்றால் சமைக்காத சாப்பாட்டுக்கும் முழு விலை கொடுக்கிறோம். ஓட்டலுக்கு அறை வாடகையில் பெரும்பகுதி லாபம்; சாப்பாட்டில் அரிசி, காய்கறி, ஆள் கூலி போக மிஞ்சுவது குறைவு. அதனால் அறைக்கு ஒரு விகிதமும் சாப்பாட்டுக்கு அதில் பாதிக்கும் குறைவான விகிதமும் கேட்பது நியாயம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும், எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாக்கியது. ஆனால் மூன்று லட்ச ரூபாய்க்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. அதனால் எழுதும்போதே சரியாக எழுதிவிட வேண்டும். ரத்துக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்து வேறு, தேதி மாற்றம் வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் வேறு தேதியில் அதே ஓட்டலில் நடத்தினால் முன்பணம் முழுதும் அப்படியே அந்தத் தேதிக்குச் செல்லுபடியாக வேண்டும். ஓட்டலே ரத்து செய்தால் என்ன என்பதைப் பற்றி அவர்கள் படிவத்தில் ஒரு வரிகூட இருக்காது. அப்போது முன்பணம் 7 நாளில் திரும்ப வேண்டும். அதே தரத்தில் வேறு ஓட்டல் பிடிக்கும்போது ஆகும் கூடுதல் செலவும், போக்குவரத்தும் ஓட்டலின் பொறுப்பு என்று சேர்க்க வேண்டும். பதிவை மீறி அறை விற்று நம் ஆட்களில் நான்கு பேரை வேறிடத்துக்கு அனுப்பினாலும் இதே விதி பொருந்த வேண்டும்.

இயற்கைச் சீற்ற விதி பெரும்பாலும் 'ஓட்டல் பொறுப்பல்ல' என்பதோடு நின்றுவிடும். நம் பக்கம் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் கூட்டம் வைப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடியிருந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலிலும் விமானங்கள் நின்றன. ஓட்டல் திறந்திருந்தது, அறை தயாராக இருந்தது, வரவேண்டியவர்களால்தான் வர முடியவில்லை. இப்படிப்பட்ட நிலையில் 'ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போய்விட்டது' என்று ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவைக் காட்டி வாதாடுவது கடினம். நிறைவேற்றுவது சிரமமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்பதை நீதிமன்றங்கள் அந்தப் பிரிவுக்குள் ஏற்பதில்லை. எனவே எந்த நிகழ்வு நடந்தால் விதி அமலுக்கு வரும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அந்த மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், விமான நிலையம் மூடப்பட்டால், ஆட்சியர் பொது விடுமுறை அறிவித்தால், அல்லது பதிவு செய்தவர்களில் 40 சதவீதம் பேரின் ரயிலோ விமானமோ ரத்தானால், அபராதம் இல்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்பது போல. ஓட்டல் ரத்துக்குச் சம்மதிக்காவிட்டாலும் தேதி மாற்றத்துக்குச் சம்மதிக்கும்.

முன்பணத்தில் முழுத் தொகையையும் கூட்டத்துக்கு முன்பே கட்டிவிடாமல் பத்து சதவீதமாவது பில் சரிபார்க்கும் வரை கையில் இருக்கும்படி பேசுங்கள். ஹால் வாடகையிலும் கேட்டரிங்கிலும் டிடிஎஸ் (மூலத்தில் வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டியவர்கள் அதை முன்பே ஓட்டலுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முழுத் தொகையும் வரவில்லை என்று சாவி கொடுக்க மறுப்பார்கள். பில்லில் நிறுவனத்தின் சரியான பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாவிட்டால் கிரெடிட் போய்விடும். மினி பார், சலவை, அறைக்கு வரவழைக்கும் உணவு ஆகியவை தங்குபவர் கணக்கு என்று எழுத்தில் கொடுத்து, பொது பில்லில் கையெழுத்திடும் உரிமை உள்ள இருவரின் பெயரையும் கொடுத்துவிட வேண்டும்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன் ஓட்டல் ஃபங்ஷன் ப்ராஸ்பெக்டஸ் என்ற தாளைத் தயாரிக்கும், எஃப்பி என்பார்கள். சமையலறை, பேங்க்வெட், கணக்குப் பிரிவு எல்லாமே அன்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் வேலை செய்யும், ஒப்பந்தத்தைப் பார்த்து அல்ல. விற்பனை மேலாளர் வாயால் ஒப்புக்கொண்ட சீக்கிர செக்-இன்னும் இலவச தண்ணீரும் எஃப்பியில் இல்லாவிட்டால் நடக்காது. அதை வாங்கி வரிவரியாகப் படித்துத் திருத்தி, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் கூட்டம் என்றால் முதல் நாள் இரவே அன்றைய பில்லைப் பார்த்துவிட வேண்டும்.

இதில் ஓட்டல்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விலைப்புள்ளியை ஒரு பக்கத்தில் அனுப்பி, முன்பணம் வாங்கிய பிறகு ஆறு பக்க நிபந்தனைகளை அனுப்பும் வழக்கத்தை விட வேண்டும். நிபந்தனைகள் விலைப்புள்ளியோடு சேர்ந்தே வர வேண்டும். வாங்குபவர்களும் அதில்லாமல் முன்பணம் அனுப்பக் கூடாது.

கொடிசியா, டான்ஸ்டியா போன்ற தொழில் அமைப்புகள் இந்த விஷயத்தில் உறுப்பினர்களுக்கு உதவ முடியும். அறை எண்ணிக்கை, கியாரண்டி, ஹால், ரத்து, புயல், பில் ஆகிய ஆறைப் பற்றி மட்டும் நான்கு பக்க மாதிரி இணைப்பு ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆடிட்டரும் சேர்ந்து தயாரித்தால் போதும். ஓட்டலின் படிவத்தோடு அதை இணைத்து, இரண்டும் முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்று முதல் வரியில் எழுதிவிடலாம். தனியொரு நிறுவனம் கேட்டால் மறுக்கும் ஓட்டல், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கூட்டங்களை நடத்தும் அமைப்பின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே தாளை நீட்டினால் பேசித்தான் ஆக வேண்டும். வரும் ஆடிக்கான கூட்டங்களுக்குப் பேச்சு தொடங்கும் முன்பே இந்தத் தாள் தயாராக வேண்டும் என்று அந்த அமைப்புகளின் நிர்வாகிகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கூட்ட ஏற்பாட்டுப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்